மண்ணுக்கடியில் ஒரு சக்கரம்

அத்தியாயம் 5

செத்தவர்கள் பேசுவது பஸீலாவுக்குப் புதிதல்ல. தில்லை நகரில் பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் இருக்கும் ரெங்கராஜின் துப்பறியும் ஆபீசுக்கு, "எங்க தாத்தா கனவுல வந்து திருடன் பேரைச் சொல்லிட்டார்" என்று யாராவது அடிக்கடி வந்து நிற்பார்கள். அவர்களுக்கெல்லாம் டீ கொடுத்து அனுப்பிவைப்பது அவள் வேலை. ஆனால் செத்தவர் தந்தி அடித்ததை இன்று காலையில்தான் கேட்டாள். அது இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

முதலில் வெறும் இரைச்சல், தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி. அதற்குள்ளிருந்து மெல்லிய விசில் ஒன்று விட்டு விட்டு வந்தது. டா டி டா. டி டி டா. தந்திக்காரர்கள் கோடு என்று சொல்லும் அந்தக் கடைசி 'டா' மட்டும் நீண்டது, மேலும் நீண்டது, விடைபெற மனசில்லாதவர் மாதிரி இழுத்து இழுத்து அடங்கியது.

"இது எங்க அண்ணன் கை சார்," என்றார் அந்தப் பதிவைக் கொண்டுவந்த ஆஸ்டின். உதடு காய்ந்து வெளுத்திருந்தது.

அண்ணன் பிலோமின்ராஜ் காலேஜில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஹாம் ரேடியோக்காரர். அதாவது சொந்த லைசென்ஸ், வானத்தில் தன் பேருக்குப் பதிலாக அடிக்கிற சொந்த அழைப்புக்குறி, ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோர வீட்டுத் தோட்டத்தில் சொந்த ஆன்டெனா. ஆடி வெள்ளத்தின்போது ஆற்றங்கரையில் அவருடைய செருப்பும் டார்ச்சும் மட்டும் கிடைத்தன. உடம்பு கிடைக்கவே இல்லை. ஆற்றோடு போய்விட்டார் என்று போலீஸ் முடிவு கட்டியது. இப்போது இந்த அக்டோபரில், சாயங்கால வேளையில், அவருடைய அழைப்புக்குறி அவருடைய கையிலேயே வானத்தில் கேட்க ஆரம்பித்திருக்கிறது.

"யாரோ விளையாடுறாங்க. யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார் ஆஸ்டின்.

மத்தியானம் சத்திரம் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் ஸ்கூட்டியை நுழைத்து வெளியே எடுத்தாள் பஸீலா. பின்சீட்டில் ரெங்கராஜ் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூறல் போட்டது, இருந்தும் அவர் குடையை விரிக்கவில்லை. குடை கெட்டுவிடுமாம்.

"சார், பேய் ஓட்ட கோயிலுக்குப் போவாங்க, தர்காவுக்குப் போவாங்க. இவர் ஏன் நம்மகிட்ட வந்தார்?"

"அங்கெல்லாம் பேயை விரட்டித்தான் விடுவாங்க. இவருக்குப் பேயோட பேர் வேணும்."

பஸீலாவுக்கு முதுகில் சில்லென்று ஏதோ ஓடியது. தூறல்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

பாலம் தாண்டியதும் ஓரமாக நிறுத்தச் சொல்லி, துறையூருக்குப் போன் போட்டார் ரெங்கராஜ். ஸ்பீக்கரில் வந்தவர் அழகிரி. துறையூரில் பம்புசெட் மோட்டார் கடை வைத்திருப்பவர். பிலோமின்ராஜின் ரேடியோ சிநேகிதர். அந்தப் பதிவை எடுத்து ஆஸ்டினுக்கு அனுப்பியவரும் அவர்தான்.

"கை மாறவே மாறாதுங்க," என்றார் அழகிரி. "கையெழுத்து மாதிரி. அந்தக் கடைசி இழுப்பு இந்த உலகத்துலயே அவர் ஒருத்தருக்குத்தான். ஆனா ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது."

"சிரிக்க மாட்டோம், சொல்லுங்க," என்றாள் பஸீலா.

"அவர் இருந்தப்போ பக்கத்து ரூம்லேர்ந்து பேசுற மாதிரி கணீர்னு கேட்கும். இப்போ கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு. இதுல மட்டும் இல்ல, அவர் போன பிறகு ஆஸ்டின் தம்பி தன்னோட அழைப்புக்குறியில பேசினப்பவும் அப்படித்தான். அந்த வீடே கிணத்துக்குள்ள இறங்கிடுச்சு போலிருக்கு."

பஸீலா சிரிக்கவில்லை. வண்டியை ஸ்டார்ட் பண்ண ரெண்டு முறை உதைக்க வேண்டியிருந்தது.

வீடு கொள்ளிடக் கரைக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. தோட்டத்தின் நடுவில், தென்னையைவிடக் கொஞ்சம் குட்டையாக, அலுமினியக் குழாய் ஒன்று செங்குத்தாக வானத்தைப் பார்த்து நின்றது. காற்றில் அது மெல்ல ஊதியது. ஓட்டைக் குழாய், காற்று புகுந்தால் ஊதத்தான் செய்யும். ஆனால் அந்த ஊதலிலும் கடைசியில் ஒரு இழுப்பு இருந்ததாக பஸீலாவுக்குத் தோன்றியது. யா அல்லாஹ், சம்பளத்துக்கு வந்தோம், ஒழுங்காக வீடு போய்ச் சேரணும்.

"பார்க்கிறது பாதி ஆன்டெனாதான்," என்றார் ஆஸ்டின். பேச்சு ரேடியோ பக்கம் திரும்பியதும் மனிதருக்கு முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. "மீதிப் பாதி மண்ணுக்குள்ள இருக்கு."

கம்பத்தடியில் செம்புத் தகடு ஒன்று. அதில் போல்ட் போட்டு முடுக்கிய கம்பிகள் சுற்றிலும் எல்லாத் திசையிலும் கிளம்பி, ஒரு சாண் தூரத்திலேயே புல்லுக்குள் மறைந்தன. வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி தோட்டம் முழுக்க ஓடுகின்றனவாம். இதற்கு ரேடியல் என்று பெயர். கம்பி எவ்வளவு அதிகமோ அவ்வளவு தூரம் பேச்சு போகுமாம்.

"அண்ணன் குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி ஒவ்வொண்ணா புதைச்சார்," என்றார் ஆஸ்டின். புதைச்சார் என்ற சொல்லுக்குப் பிறகு சற்று நிறுத்தினார்.

கம்பத்துக்குச் சில அடி தள்ளி, நாரத்தை மரத்தடியில், நீல வண்ணம் அடித்த சின்ன மாதா கெபி, குகை மாதிரிக் கட்டிய சிறு கோயில், இருந்தது. உள்ளே மாதா சிலை. அதன் காலடியில் உருகி வழிந்த மெழுகு அடுக்கடுக்காகக் கிடந்தது.

"அண்ணன் நினைவா நான் கட்டினது. அண்ணி தினமும் மெழுகுவர்த்தி ஏத்துவாங்க."

"இந்த இடத்தை பில்டருக்குக் கொடுக்கறதா பேச்சு இருந்துச்சாமே?" என்று கேட்டார் ரெங்கராஜ், குடையால் புல்லைக் கிளறிக்கொண்டே.

"அதெல்லாம் முன்னாடி. நான்தான் கொடுத்துடலாம்னு தினமும் நச்சரிப்பேன். என் கம்பி மண்ணுக்குள்ள இருக்கு, நானும் மண்ணுக்குள்ள போன பிறகு கொடுத்துக்கோன்னு அண்ணன் சொல்லுவார். இப்போ எனக்கே மனசு வரலை. அவர் ஞாபகமா தோட்டம் இருந்துட்டுப் போகட்டும்."

ரேடியோ இருந்தது தோட்டத்து ஓட்டு அறையில். ஆஸ்டின் பூட்டைத் திறந்தார். "சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கு. அண்ணிக்கு இதை ஆன் பண்ணக்கூடத் தெரியாது. அப்புறம் யாரு சார் உள்ள வந்து அடிக்கிறது? சொல்லுங்க!"

"பேய்க்கு எதுக்குச் சாவி?" என்றாள் பஸீலா. ஆஸ்டின் அவளைப் பார்த்த பார்வையில் அவளுக்கே பாவமாகிவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இந்த ஆள் பட்டப்பகலில் அரண்டு கிடந்தார்.

அவர் செட்டை ஆன் செய்து, பக்கத்தில் இருந்த மீட்டரைக் காட்டினார். முள் ஒன்று என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே அசையாமல் நின்றது.

"இதைப் பாருங்க. முள் ஒண்ணுல நின்னா ஆன்டெனா பிரமாதம்னு அர்த்தம். அண்ணன் இருந்த வரைக்கும் ஒண்ணரைக்குக் கீழ வந்ததே கிடையாது. நானும் சரி பண்ணுங்கன்னு சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். அவர் போன மறுநாள் வந்து பார்க்கிறேன், முள் ஒண்ணுல நிக்குது! யாரும் தொடலை. அவர் ஆத்மாதான் சரி பண்ணிக் கொடுத்துட்டுப் போயிருக்கு." கண்ணில் நீர் கோத்தது. அழுகை பொய் இல்லை என்று பஸீலாவுக்குத் தோன்றியது, அதுதான் அவளைக் குழப்பியது.

"மறுநாளேவா?" என்றார் ரெங்கராஜ்.

"மறுநாளே."

சர்ச் மணி அடித்தது. அக்டோபர் மாதம் பூராவும் சாயங்காலம் சர்ச்சில் ஜெபமாலை, அதை முன்நின்று சொல்கிறவர் ஆஸ்டின். அறையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார். "அண்ணிக்கு முட்டி வலி, அவங்க வர்றதில்லை. காபி குடிச்சிட்டு இருங்க, வந்துடறேன்."

அவர் தலை மறைந்ததும் பிலோமின்ராஜின் மனைவி ரோசரி காபியோடு வந்தார். ஒல்லியான உடம்பு, வெளிர் சேலை, கையில் ஜெபமாலை. டம்ளர்களை வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவருடைய ஆள்காட்டி விரல் மட்டும் தன் டம்ளரின் விளிம்பில் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது.

டா டி டா. டி டி டா. கடைசியில் நகம் விளிம்பை விட்டு எழாமல் அப்படியே வட்டமாக உரசிக்கொண்டு போனது.

பஸீலா காபியைக் கீழே வைத்தாள். "ஆன்ட்டி, நீங்களா?"

விரல் நின்றது. "பூட்டு வாங்கினா ரெண்டு சாவி தருவாங்கல்லம்மா," என்றார் மெல்ல.

"அவர்தான் கத்துக்கொடுத்தாரா?"

"காபி வேணும்னா அங்கேர்ந்து மேஜையில தட்டுவார். நான் சமையல்கட்டுலேர்ந்து கரண்டியால பதில் தட்டுவேன். கல்யாணமான புதுசுலேர்ந்து அப்படித்தான். வேற யாருகிட்டயும் கத்துக்கலை, அதனால அவர் கையே எனக்கும் வந்துடுச்சு. கொழுந்தனுக்கு இது தெரியாது. புருஷன் பொண்டாட்டி தட்டிக்கிறதை ஊருக்கா சொல்லுவாங்க?"

"எதுக்காக அனுப்பினீங்கம்மா?" என்று கேட்டார் ரெங்கராஜ்.

"அவரைத் தெரிஞ்சவங்க யாராவது தேடி வரட்டும்னுதான். அவருக்கு ஆத்துத் தண்ணின்னாலே பயம் சார். அம்மா மண்டபத்துப் படித்துறையில கால் நனைக்கக்கூட இறங்க மாட்டார். அந்த மனுஷன் டார்ச் எடுத்துக்கிட்டு வெள்ளம் பார்க்கப் போனாராம்! போலீஸ்ல சொன்னேன். துக்கத்துல உளறுறாங்கன்னு கொழுந்தன் சொன்னதும் விட்டுட்டாங்க." ரோசரி ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டார். "கல்லறைத் திருநாள் வருது. எல்லாரும் கல்லறைக்கு வெள்ளையடிச்சு, பூ போட்டு, மெழுகுவர்த்தி ஏத்துவாங்க. நான் எங்க போய் ஏத்துறது? கொள்ளிடத்துல மிதக்கவிடவா? எனக்கு ஒரு கல்லறை வேணும் சார். வேற ஒண்ணும் வேண்டாம்."

பேயைப் பிடித்தாயிற்று. பஸீலாவுக்கு, பிடித்த பேயைக் கட்டிக்கொண்டு அழலாம் போலிருந்தது.

ரோசரி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் ரெங்கராஜ் எழுந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பஸீலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த மனிதர் செருப்பைக் கழற்றினால் வழக்கு முடியப்போகிறது என்று அர்த்தம்.

மறுபடி துறையூருக்குப் போன் போட்டார். "அழகிரி, ஒரே ஒரு சந்தேகம். பிலோமின்ராஜ் சார் வீட்டு மீட்டர்ல முள் ஒண்ணரையிலேர்ந்து ஒண்ணுக்கு வந்துடுச்சு. நல்லதா, கெட்டதா?"

"ஒண்ணுக்கு வந்துடுச்சா? ஐயையோ, இதை யாரும் என்கிட்ட சொல்லலையே! கெட்டதுங்க. ஹாம்காரங்க எல்லாரும் விழற குழி அது, நானும் விழுந்திருக்கேன், அவர்தான் சிரிச்சுக்கிட்டே எடுத்துவிட்டார். இந்த மாதிரிக் கம்பத்துக்கு மண்ணுக்குள்ள கம்பி முழுசா இருந்தா முள் ஒண்ணரை பக்கம்தான் நிக்கும். கம்பி அறுந்துட்டா பவரை மண்ணு தின்னும். அது தின்னுறதும் சேர்ந்து கணக்கு சரியாகி, முள் ஒண்ணுல போய் அழகா நின்னுக்கும். உடம்பு சில்லிட்டதும் ஜுரம் விட்டுடுச்சுன்னு சந்தோஷப்பட்ட கதைதான்."

"பேச்சு கிணத்துக்குள்ளேர்ந்து வர்றதும் அதனாலதானா?"

"வேற எதனாலங்க?"

போனை வைத்துவிட்டு ரெங்கராஜ் தோட்டத்தைப் பார்த்தார். "பஸீலா, அந்தத் தகட்டுலேர்ந்து போற கம்பியை ஒவ்வொண்ணா இழுத்துப் பாரு."

இழுத்தாள். ஆற்றுப் பக்கத்துக் கம்பிகள் அசையவில்லை, புல்வேர் இறுகப் பிடித்து வைத்திருந்தது. வாசல் பக்கமும் அப்படியே. நாரத்தை மரத்துப் பக்கம் போனதை இழுத்தாள். சரசரவென்று மண்ணைக் கிழித்துக்கொண்டு கையோடு வந்துவிட்டது. மறுமுனை நேராக வெட்டுப்பட்டிருந்தது. அடுத்ததும் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது.

"சார், முருங்கைக்காய் நார் மாதிரி உரிஞ்சு வருது!"

"ஒவ்வொண்ணும் எங்க அறுந்திருக்கோ அங்க ஒரு ஈர்க்குச்சி குத்து."

துடைப்பத்திலிருந்து ஈர்க்குகளை உருவி, கம்பி கிழித்த தடம் முடிகிற இடத்திலெல்லாம் குத்திக்கொண்டே போனாள். குத்தி முடித்து நிமிர்ந்தபோது அவள் வாயில் தயாராக இருந்த கிண்டல் வெளியே வரவில்லை. ஈர்க்குகள் தாறுமாறாக நிற்கவில்லை. கோடு போட்ட மாதிரி ஒரே நேராக நின்றன. மண்வெட்டி ஒரு பக்கமாக இறங்கிய கோடு. நடுவில் கெபி, ஒரு முக்காலி அளவுதான் அகலம். அதற்கு இரண்டு பக்கமும் கோடு நீண்டு போனது. ஒரு ஆள் கால் நீட்டிப் படுத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு.

கம்பம் மேலே ஊதியது. பஸீலா தன்னையறியாமல் ரெங்கராஜின் குடையைப் பிடித்துக்கொண்டாள். அவர் இன்ஸ்பெக்டர் பிச்சமுத்துவிடம் தணிந்த குரலில் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்ந்தது. ரோசரி வழக்கம்போல மெழுகுவர்த்தியோடு வந்தார். குத்தி நின்ற ஈர்க்குகளைப் பார்த்துவிட்டு நடுவழியில் நின்றார். அதே நேரத்தில் கேட்டைத் திறந்துகொண்டு ஆஸ்டின் உள்ளே வந்தார்.

"பேயைப் பிடிச்சுட்டோம் ஆஸ்டின்," என்றார் ரெங்கராஜ்.

"யாரு? யாரு சார் அது?"

"சொல்றேன். இந்தக் கெபியை எப்போ கட்டுனீங்க?"

"செப்டம்பர்ல, மாதா பொறந்தநாளுக்கு. ஏன்?" ஈர்க்குகள் கண்ணில் பட்டன. "ஓ, கம்பியா? கொத்தனார் கெபிக்குத் தோண்டினப்போ அறுந்துச்சு. நான்தான் விட்டுட்டேன்."

"செப்டம்பர்ல அறுந்த கம்பிக்கு, ஆடியிலயே முள் எப்படி ஒண்ணுக்கு வந்துச்சு?"

ஆஸ்டினின் பார்வை ஈர்க்குக் கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனது.

"அண்ணன் போன மறுநாளே வந்துச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க. முள் நல்லாயிடுச்சுன்னு சந்தோஷமா காட்டுனீங்க. அது நல்லாகலை ஆஸ்டின், மண்ணுக்கடியில சக்கரம் உடைஞ்சிருக்கு. அன்னைக்கே இங்க யாரோ குழி வெட்டியிருக்காங்க. கெபி அகலத்துக்கு இல்ல, ஆள் நீளத்துக்கு. இடத்தைக் கொடுத்துடலாம்னு தினமும் நச்சரிச்ச நீங்க, தடுத்தவர் போன பிறகு ஏன் கொடுக்கலை? கொடுத்தா ஜேசிபி வந்து தோண்டும்."

"மடியில கனம்," என்றாள் பஸீலா. "யாருக்கு விஷயம் தெரியும்னு தெரிஞ்சுக்கத்தான் எங்களையே தேடி வந்திருக்கீங்க."

ஆஸ்டின் புல்லில் மண்டியிட்டார். "தள்ளினேன்... தள்ளினது மட்டும்தான். கம்ப அடியில மண்டை பட்டுச்சு. எந்திரிப்பார்னு பார்த்தேன், எந்திரிக்கவே இல்லை. பயந்துபோய் இங்கயே புதைச்சுட்டு, செருப்பையும் டார்ச்சையும் ஆத்தங்கரையில போட்டுட்டேன் அண்ணி." மரத்தடியைப் பார்க்காமல் முகத்தைப் பொத்திக்கொண்டார். "தினமும் கூப்பிடுறாரே... தினமும் கூப்பிடுறாரே..."

"அவர் கூப்பிடலை தம்பி, நான்தான் கூப்பிட்டேன்," என்றார் ரோசரி.

பிச்சமுத்து வந்து ஆஸ்டினை ஜீப்பில் ஏற்றினார். திரும்பி வந்து, "காலையில தாசில்தார் வந்ததும் தோண்டுவோம். அதுவரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது," என்றார்.

"மெழுகுவர்த்தி ஏத்தலாமா?" என்று கேட்டார் ரோசரி.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். "ஏத்துங்கம்மா."

திரி இரண்டு முறை காற்றில் அணைந்தது. பஸீலா குடையை விரித்து மறைப்பாகப் பிடித்தாள், ரெங்கராஜ் அதைக் காற்று வரும் பக்கமாகச் சாய்த்துவிட்டார். மூன்றாவது முறை சுடர் நின்றது. அடுக்கடுக்காக உருகிக் கிடந்த பழைய மெழுகின் மேல் ரோசரி அதை நிறுத்தினார்.

"அவர் எங்கன்னு காட்டும்மான்னு தினமும் மாதாகிட்ட அழுதேன்," என்றார். "அவர் பக்கத்துலயே நின்னுக்கிட்டுதான் கேட்டிருக்கேன். கல்லறை இல்லையேன்னு அழுதுக்கிட்டு, கல்லறையிலயே ஏத்தியிருக்கேன்."

முட்டி வலியோடு மெல்லக் குனிந்து, ஈர மண்ணில் ஒற்றை விரலால் தட்டினார். பஸீலாவுக்கு அந்தப் பாஷை தெரியாது. கரண்டியால் காபிக்குப் பதில் சொன்ன பாஷை அது என்பது மட்டும் தெரிந்தது. கடைசிக் கோடு வந்ததும் ரோசரி விரலை மண்ணில் வைத்தார், வைத்த விரலை எடுக்கவில்லை.